வேர்ட் எங்கே என்று தேடாதீர்கள்: புது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அன்றாட வேலைகள்

பெரியப்பாவின் லேப்டாப் 2016இல் வாங்கியது. இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசசர், 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. வேகம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் அவர் செய்கிற வேலைகளுக்கு அது போதும். ஆனால் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டு கிடைக்கும், அதற்கப்புறம் அதுவும் இல்லை. சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாம் என்று பார்த்தால், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறது, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. பிராசசரிலேயே அவருடைய லேப்டாப் அடிபட்டுப்போனது. நல்லா ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட அவருக்கும் மனசில்லை, எனக்கும் மனசில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

போட்டுக் கொடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பழகிக்கொள்ளத்தான் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் அவர் எங்கெங்கே நின்றார், ஏன் நின்றார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அதில் கண்டதைத்தான் எழுதுகிறேன், அதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும். எப்படி நிறுவுவது என்பதற்கு வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. நிறுவிய மறுநாள் காலையில் என்ன செய்வது என்று சொல்பவர்கள்தான் குறைவு.

முதலில் அடிப்படை. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது மெஷினுக்கும் நீங்கள் திறக்கிற புரோகிராம்களுக்கும் நடுவில் நின்று வேலை பார்ப்பது. நீங்கள் கீபோர்டில் தட்டியதை வாங்கி உரிய இடத்தில் சேர்ப்பதும், ஃபைல் டிஸ்கில் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதும், பிரிண்டரோடு பேசுவதும் அதன் பொறுப்பு. விண்டோஸ் அப்படி ஒன்று, ஆப்பிளின் மேக் ஓஎஸ் இன்னொன்று. லினக்ஸ் 1991இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கியது. சரியாகச் சொன்னால் லினக்ஸ் என்பது உள்ளே இருக்கும் கரு மட்டும்தான். அதைச் சுற்றி மெனு, ஜன்னல்கள், ஃபைல் பார்க்கும் கருவி எல்லாம் சேர்த்து ஆளுக்கொரு விதமாகக் கட்டித் தருகிறார்கள். மாவு ஒன்றுதான், ஒருவர் இட்லி ஊற்றுகிறார், ஒருவர் ஊத்தப்பம் ஊற்றுகிறார். உபுண்டு 2004இல் வந்தது, அதன் மேல் கட்டிய மின்ட் 2006இல் வந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கும் கருவும் லினக்ஸ்தான், அதனால் நீங்கள் ஏற்கெனவே பல வருடமாக லினக்ஸ் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

மின்ட்டை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். கீழே ஒரு பட்டை, இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம். விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அதிர்ச்சி இருக்காது.

முதல் நாள் பெரியப்பாவிடம், கம்ப்யூட்டரில் தினமும் என்னென்ன செய்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார்: வேர்ட், குரோம், பெயின்ட், மை கம்ப்யூட்டர், சி டிரைவ், டி டிரைவ், வாட்ஸப், பிரிண்ட், பென் டிரைவ், போட்டோ. பார்த்ததும் எனக்குப் பிரச்சினை புரிந்தது. இதில் பாதி வேலைகளே இல்லை, மென்பொருள்களின் பெயர்கள். கடிதம் எழுதுவது என்ற வேலைக்கு வேர்ட் என்ற பெயர் இருபது வருடமாக ஒட்டிப்போயிருக்கிறது. புது சிஸ்டத்தில் வேர்ட் இல்லை என்றதும் கடிதமே எழுத முடியாது என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது. அக்கா வீட்டு அடுக்களையில் ரசம் வைக்கப் போனால் நமக்கு ரசம் மறந்தா போய்விடுகிறது? பெருங்காய டப்பா எங்கே என்றுதான் தெரியவில்லை.

அதனால் அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வினைச்சொல்லாக மாற்றி எழுதினோம். வேர்ட் என்பதற்குப் பதில் 'தமிழில் கடிதம் எழுதுவது'. பெயின்ட் என்பதற்குப் பதில் 'போட்டோவின் ஓரத்தை வெட்டுவது'. அவர் பெயின்ட்டை அதற்கு மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறார். மை கம்ப்யூட்டர் என்பதற்குப் பதில் 'வைத்த ஃபைலைத் தேடி எடுப்பது'. இப்படி மாற்றியதும் பதினோரு வேலைகள் வந்தன. நீங்களும் இதைச் செய்யுங்கள், மாறுவதற்கு ஒரு வாரம் முன்பே செய்யுங்கள். கம்ப்யூட்டரைத் தொடும்போதெல்லாம் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். பெரும்பாலானவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது.

இன்னொன்று, நிறுவுவதற்கு முன் ஒத்திகை பார்த்துவிடலாம். மின்ட் முழுவதையும் அடக்கிய ஐஎஸ்ஓ ஃபைல் சுமார் 3 ஜிபி. அதை 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற கருவியால் ஏற்றி, கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்தே கிளப்பலாம். (பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தது எல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.) கிளப்பும்போது எஃப் 12, எஃப் 2, எஸ்கேப் இவற்றில் ஒன்றை அழுத்த வேண்டியிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிஸ்கில் இருக்கும் விண்டோஸை அது தொடாது. வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா, உங்கள் பிரிண்டரைக் கண்டுகொள்கிறதா என்று இந்த ஒத்திகையிலேயே பார்த்துவிடுங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோடாதீர்கள். அதில் செய்த மாற்றங்களும் அணைத்ததும் போய்விடும்.

சரி, பதினோரு வேலைகளுக்கு வருவோம். சிலவற்றுக்குச் சொல்லவே ஒன்றுமில்லை. இணையம் பார்ப்பது அப்படியேதான், ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வருகிறது, குரோமும் போட்டுக்கொள்ளலாம். வாட்ஸப் பிரவுசரிலேயே ஓடும். காப்பி, பேஸ்ட், அன்டூ, ஆல்ட்டும் டேபும் சேர்த்து ஜன்னல் மாற்றுவது, எஃப் 2 அழுத்திப் பெயர் மாற்றுவது எல்லாம் அதே விரல்கள்தான். ஒரு புரோகிராமைத் திறக்க, விண்டோஸ் படம் போட்ட அந்தக் கீயை ஒருமுறை தட்டிவிட்டுப் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்தை அடித்தால் மெனுவிலேயே வந்து நிற்கும். மெனுவுக்குள் புகுந்து ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெரியப்பா முதலில் நின்ற இடம் ஃபைல்.

"சி டிரைவ் எங்கப்பா?" என்று கேட்டார். இல்லை. லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகளே கிடையாது. விண்டோஸில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஓர் எழுத்துப் பெயர் கொடுத்து, ஒவ்வொன்றையும் தனி மரமாக வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் மொத்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரே மரம். அதன் அடிவேருக்கு ஒரு சாய்கோடுதான் பெயர். மற்ற எல்லாம், நீங்கள் செருகுகிற பென் டிரைவ் உட்பட, அந்த மரத்தில் ஒரு கிளையாக வந்து ஒட்டிக்கொள்ளும். இது கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் அன்றாடத்துக்கு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு கிளை மட்டும். அதன் பெயர் ஹோம். அதற்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம். உங்கள் பொருள் அத்தனையும் அங்கேதான். அதற்கு வெளியே இருப்பது சிஸ்டத்தின் பொருள், நீங்கள் அங்கே போகவே தேவையில்லை. விண்டோஸ் கீயையும் ஈ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அந்த ஹோம் ஃபோல்டர் திறக்கும்.

இந்த 'உன் பொருள், சிஸ்டத்தின் பொருள்' என்ற பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு குழப்பமும் தீரும். புதிதாக ஒரு புரோகிராம் போடும்போது லினக்ஸ் பாஸ்வேர்ட் கேட்கும். அப்டேட் செய்யும்போது பெரும்பாலும் கேட்கும். ஆனால் கடிதம் எழுதி சேவ் செய்யும்போது கேட்காது. ஏன்? கடிதம் உங்கள் ஹோமுக்குள் போகிறது, புரோகிராம் சிஸ்டத்தின் இடத்துக்குப் போகிறது. சிஸ்டத்தில் கைவைக்கும்போது மட்டும், வீட்டுக்காரர்தான் கைவைக்கிறாரா என்று சரிபார்த்துக்கொள்கிறது. இதிலிருந்தே ஒரு பழக்கம் வந்துவிட வேண்டும்: நீங்கள் எதையும் நிறுவாமல், எந்த அமைப்பையும் மாற்றாமல் சும்மா இருக்கும்போது பாஸ்வேர்ட் கேட்டு ஒரு ஜன்னல் வந்தால், அடித்துவிடாதீர்கள். எது கேட்கிறது என்று பாருங்கள், புரியவில்லை என்றால் ரத்து செய்யுங்கள்.

ஃபைல் பெயரில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும் 'பில்' என்ற ஃபைலும் சின்ன எழுத்தில் தொடங்கும் 'பில்' என்ற ஃபைலும் லினக்ஸுக்கு இரண்டு வெவ்வேறு ஃபைல்கள். விண்டோஸில் இரண்டும் ஒன்று. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தால் அந்த ஃபைல் கண்ணுக்கு மறைந்துவிடும். கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் மறுபடி தெரியும். இது பின்னால் ஃபான்ட் போடும்போது தேவைப்படும்.

பழைய விண்டோஸையும் விட்டுவைத்து, இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் டிஸ்கை லினக்ஸிலிருந்து திறந்து பார்க்க முடியும், ஆனால் சில சமயம் படிக்க மட்டும் விடும், எதையும் மாற்ற விடாது. டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இருந்தால், நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கிறது. தூங்குகிறவர் கையில் இருப்பதைப் பிடுங்கக்கூடாது என்றுதான் லினக்ஸ் தொடாமல் இருக்கிறது. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்.

பென் டிரைவ் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஃபைல் போய்விடுகிறது. பெரியப்பா தன் பேத்தியின் அரங்கேற்ற வீடியோவை, 3 ஜிபி இருக்கும், பென் டிரைவில் காப்பி செய்தார். பட்டை சரசரவென்று ஓடி முடிந்தது. பிடுங்கிக்கொண்டு போய் சித்தப்பா வீட்டு டிவியில் செருகினார். நான்கு நிமிடம் ஓடியது, அப்புறம் நின்றது. என்ன ஆகியிருக்கிறது என்றால், பென் டிரைவ் மெதுவானது என்பதால், கம்ப்யூட்டர் அந்த ஃபைலை முதலில் தன் தற்காலிக நினைவகமான ராமில் வாங்கி வைத்துக்கொண்டு பின்னால் நிதானமாகப் பென் டிரைவுக்கு எழுதுகிறது. பட்டை காட்டியது ராமுக்குப் போன கணக்கை. எழுதி முடிப்பதற்குள் பிடுங்கியாயிற்று. அதனால் ஃபைல் மேனேஜரின் இடப்பக்கத்தில் பென் டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறி இருக்கும், அதைக் கட்டாயம் அழுத்துங்கள். இன்னும் எழுதிக்கொண்டிருந்தால், எடுக்காதீர்கள் என்று ஒரு செய்தி வரும். பெரிய ஃபைல் என்றால் சில நிமிடங்கள்கூட ஆகும். எடுக்கலாம் என்று சொன்ன பிறகு எடுங்கள். விண்டோஸில் பல வருடம் அப்படியே பிடுங்கியும் ஒன்றும் ஆகவில்லையே என்றால், அங்கே பென் டிரைவுக்கு வழக்கமாக இந்தத் தாமத எழுத்தை நிறுத்திவைத்திருப்பார்கள்.

போனிலிருந்து போட்டோ எடுக்கக் கேபிளில் இணைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. போனின் திரையில் மேலிருந்து இழுத்து, யுஎஸ்பி என்ற அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால் ஃபைல் மேனேஜரில் வந்துவிடும். இது விண்டோஸிலும் அதே கதைதான்.

புரோகிராம் போடுவதில்தான் பழைய பழக்கம் நம்மைத் தவறான திசைக்கு இழுக்கும். விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் என்ன செய்வோம்? இணையத்தில் தேடி, ஏதோ ஒரு தளத்தில் பச்சை டவுன்லோட் பட்டனைக் கண்டுபிடித்து, அங்கே நான்கு பட்டன் இருந்தால் எது நிஜம் என்று ஊகித்து, இஎக்ஸ்இ ஃபைலை இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்துவோம். லினக்ஸில் அந்த இஎக்ஸ்இ அப்படியே ஓடாது. இங்கே வழி போன்போல. மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, பிளே ஸ்டோரைப் போன்றதுதான், ஆனால் அதில் இருப்பவற்றில் ஏறக்குறைய எல்லாமே இலவசம். அதைத் திறந்து தேடி, இன்ஸ்டால் அழுத்தினால் தானே இறக்கிப் போட்டுக்கொள்ளும். பிற்பாடு அதற்கான அப்டேட்டும் சிஸ்டம் அப்டேட்டோடு சேர்ந்தே வரும், ஒவ்வொரு புரோகிராமும் தனித்தனியாக அப்டேட் கேட்டு நச்சரிக்காது. இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் லினக்ஸை விரும்புகிறேன். வயதானவர்கள் போலி டவுன்லோட் பட்டனில் மாட்டிக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். பெயர் தெரிந்த சில புரோகிராம்கள் இதில் கிடைக்காது, அப்போது அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போய், டெப் என்று முடியும் ஃபைலை எடுக்க வேண்டும். குரோம் அப்படித்தான்.

தமிழில் எழுதுவதற்கு வருவோம். பெரியப்பாவின் தாளில் இது முதல் இடத்தில் இருந்தது, எனக்கும் இதுதான் முக்கியம்.

மின்ட்டில் தமிழைப் படிக்க எதுவும் செய்ய வேண்டாம், எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. தட்டச்சு செய்யத்தான் சின்ன ஏற்பாடு தேவை. மெனுவில் 'இன்புட் மெத்தட்' என்று அடித்தால் மொழிகளின் பட்டியலோடு ஒரு ஜன்னல் வரும். தமிழைத் தேர்ந்து, தேவையானவற்றை இன்ஸ்டால் செய்து, தட்டச்சைத் தமிழாக்கித் தரும் ஐபஸ் என்ற கருவியைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாகவுட் செய்து உள்ளே வாருங்கள். அப்புறம் ஐபஸின் அமைப்புக்குள் போய்த் தமிழ்ப் பட்டியலைப் பார்த்தால் தமிழ்99, ஃபொனெட்டிக், இன்ஸ்கிரிப்ட், டைப்ரைட்டர் என்று பல இருக்கும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஏற்கெனவே ஒன்று கையில் படிந்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா அரசு அலுவலகத்தில் தட்டச்சுப் பொறியில் பழகியவர், அதனால் டைப்ரைட்டர். புதிதாகக் கற்பவர் என்றால் என் ஓட்டு தமிழ்99க்கு. 1999இல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற விசைப்பலகை அது. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலான மெய். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுதான். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'தம்பி' என்றால் த, ம, ப, இ. மகரத்துக்குப் பின் பகரம் வந்தால் புள்ளி வேண்டும் என்று அதற்கே தெரியும். தமிழின் போக்கு தெரிந்து அமைத்த விசைப்பலகை, பத்து நாள் கஷ்டப்பட்டால் வாழ்நாளுக்கும் வரும். ஐபஸில் உள்ள தமிழ்99ஐயே எடுங்கள், கீபோர்ட் லேஅவுட் பட்டியலில் இதே பெயரில் இருப்பதில் இந்தத் தானியங்கிப் புள்ளி வராது.

எழுதும் கருவி லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர், மின்ட்டோடு வருகிறது. வேர்ட் ஃபைலைத் திறந்து திருத்தி சேவ் செய்யும்போது, வேர்ட் வடிவத்திலேயே வைக்கவா, தன் சொந்த வடிவமான ஓடிஎஃப்பில் வைக்கவா என்று கேட்கும். வேர்ட் வைத்திருப்பவருக்கு அனுப்பவேண்டியது என்றால் வேர்ட் வடிவம், அவர் படிக்க மட்டும் போகிறார் என்றால் பிடிஎஃப். மேல்பட்டையில் பிடிஎஃப் ஆக்குவதற்கென்றே ஒரு பட்டன் இருக்கிறது. வேர்டில் லதா எழுத்துருவில் அழகாக இரண்டு பக்கத்தில் அடங்கிய கடிதம் இங்கே மூன்றாம் பக்கத்துக்கு வழிந்தால் பதற வேண்டாம். லதா மைக்ரோசாஃப்டின் எழுத்துரு, லினக்ஸோடு வராது, அதற்குப் பதில் வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்வதால் எழுத்தின் அகலம் மாறி வரிகள் தள்ளிப்போகின்றன.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று பெரியப்பாவுக்குக் காத்திருந்தது. 2005 வாக்கில் எழுதிய கடிதங்களைத் திறந்தார். பக்கம் முழுக்க அர்த்தமே இல்லாத ஆங்கில எழுத்துகள். "எல்லாம் போச்சா?" என்று கேட்டபோது குரல் தாழ்ந்துவிட்டது. அதில் அவருடைய அண்ணனுக்கு எழுதிய கடிதங்களும் இருந்தன, அண்ணன் இப்போது இல்லை.

போகவில்லை. நடந்தது இதுதான். அந்தக் காலத்து வானவில், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்துவைத்தவை. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான், அந்த எழுத்துருவை மேலே போர்த்தினால் தமிழாகத் தெரியும். விண்டோஸில் அந்த எழுத்துரு இருந்தது, இங்கே இல்லை, போர்வை விலகிவிட்டது. இப்போது நாம் எழுதும் யூனிகோடில் அப்படி இல்லை. அ என்ற எழுத்துக்கு 2949, க என்ற எழுத்துக்கு 2965 என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த எண் இருக்கிறது, எந்த எழுத்துருவைப் போட்டாலும் அ அ-வாகவே இருக்கும்.

தீர்வு எளிது. பழைய விண்டோஸில் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள் அந்த எழுத்துருவின் டிடிஎஃப் ஃபைல் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் உங்கள் ஹோமுக்குள், முன்னால் ஒரு புள்ளி வைத்து ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். உருவாக்கியதும் கண்ணுக்கு மறைந்துவிடும், மேலே சொன்ன கண்ட்ரோல் ஹெச்சை அழுத்துங்கள். டிடிஎஃப் ஃபைலை அதற்குள் போட்டு, ரைட்டரை மூடித் திறந்தால் கடிதம் தமிழில் வரும். எங்களுக்கு வந்தது. பெரியப்பா ஒரு கடிதத்தை முழுசாகப் படித்து முடிக்கும்வரை நான் வேறெதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. விண்டோஸை அழித்துவிட்டு இந்த எழுத்துருவைத் தேடுவது தலைவலி, அதனால் மாறுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள், இதை மறக்கவே மறக்காதீர்கள்.

பிரிண்டர். கடந்த சில வருடங்களில் வந்த வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், எதுவும் போடாமலே தானாகத் தெரிந்துவிடும். பழைய லேசர் பிரிண்டர்கள் சிலவற்றுக்குத் தயாரித்தவர்கள் ஒழுங்கான லினக்ஸ் டிரைவர் தரவில்லை, அவற்றோடு மல்லுக்கட்டுவது உங்கள் நேரத்துக்கு ஈடாகாது. பெரியப்பாவின் பிரிண்டர் இரண்டாம் வகை. பிடிஎஃப் ஆக்கிப் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிடுகிறார், மாதம் பத்துப் பக்கத்துக்கு அது போதும்.

அப்டேட் செய்ய வலது கீழ் மூலையில் கேடயம்போல ஒரு சின்னம். புதிது வந்திருந்தால் அதில் ஒரு புள்ளி தெரியும். திறந்து இன்ஸ்டால் அப்டேட்ஸ் அழுத்தி, பாஸ்வேர்ட் கொடுத்தால் முடிந்தது. வேலை நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. கூடவே டைம்ஷிஃப்ட் என்ற கருவியை ஒருமுறை அமைத்துவிடுங்கள்: ஏதாவது அப்டேட்டில் கோளாறு வந்தால் நேற்றைய நிலைக்கு சிஸ்டத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் அது சிஸ்டத்துக்கு மட்டும்தான் காவல். உங்கள் கடிதம், போட்டோ எல்லாவற்றையும் தனியாக ஒரு வெளி டிஸ்கில் நீங்கள்தான் எடுத்துவைக்க வேண்டும்.

டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். நான் மேலே சொன்ன எதற்கும் அது தேவைப்படவில்லை. பிற்பாடு ஆர்வம் வந்தால் கற்கலாம், நல்ல கருவிதான். இணையத்தில் யாரோ எழுதிய கட்டளையை அர்த்தம் தெரியாமல் அதில் ஒட்டி என்டர் தட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே வரியில் ஹோம் ஃபோல்டரையே அழித்துவிடும் கட்டளைகள் இருக்கின்றன, அப்படி அழிந்த ஃபைல்கள் குப்பைத்தொட்டிக்கும் போகாது.

எல்லோரும் மாறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. டேலியில் கணக்கு எழுதிப் பிழைப்பவர், போட்டோஷாப்பிலும் பேஜ்மேக்கரிலும் டிடிபி வேலை செய்பவர் விண்டோஸிலேயே இருப்பதுதான் சரி. இந்த மூன்றுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. வைன் என்ற கருவி வழியாகச் சில விண்டோஸ் புரோகிராம்கள் ஓடும், ஆனால் வயிற்றுப்பாட்டை அதன்மேல் வைக்கக்கூடாது. இன்னொன்று, லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால், அதில் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போடுவது தரும் வேகத்தை எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் தராது. பெரியப்பாவுக்கும் அதைப் போட்டுவிட்டுத்தான் மின்ட் ஏற்றினேன்.

மூன்றாம் வாரக் கடைசியில் அவரிடமிருந்து போன். வழக்கம்போல ஏதாவது கேட்கத்தான் என்று நினைத்தேன். பென்ஷன் ஆவணங்கள் நான்கு பிடிஎஃபாக இருந்ததாம், ஒரே ஃபைலாகக் கேட்டார்களாம். முன்பெல்லாம் இதற்கு ஒரு புரோகிராமின் பெயர் சொல்லி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்பார். இந்த முறை சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து ஆங்கிலத்தில் 'பிடிஎஃப் சேர்க்க' என்ற அர்த்தத்தில் இரண்டு மூன்று விதமாக அடித்துப் பார்த்திருக்கிறார், பிடிஎஃப் அரேஞ்சர் என்று ஒன்று வந்திருக்கிறது, படத்தைப் பார்த்தால் பக்கங்களை வரிசையாக அடுக்குவதுபோல இருந்ததால் போட்டுப் பார்த்திருக்கிறார். நான்கு ஃபைலையும் இழுத்து அதற்குள் விட்டு, தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்த ஒரு பக்கத்தைத் திருப்பி, ஒரே ஃபைலாக்கி அனுப்பியும் விட்டார். "பேரு என்னன்னு எனக்குத் தெரியாதுப்பா, என்ன வேலைன்னு அடிச்சேன், வந்துச்சு" என்றார். பன்னிரண்டாவதாக அதையும் அந்தத் தாளில் எழுதிவைத்திருக்கிறாராம்.